முகப்பு மட்டும்

பழைய வரம்பு எழுபத்தைந்தாயிரம்.
அதை இரண்டு லட்சமாக்கித் தரக் கேட்கலாமென்று
பகல் ஒன்றரைக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
கோட்டையூரில் அந்நேரம் பெயின்ட் வாங்க
எவரும் வருவதில்லை.

தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
கார்டுக்கு நாலு.
அப்புறம் ஒரு புல்லாங்குழல்,
அதே எட்டு விநாடி, திரும்பத் திரும்ப.
அதற்குள் பிரஷ்களை எண்ணி முடித்தேன்.
மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது.

“வணக்கம் உமையாள் மேடம்.”
சின்னப் பையன் குரல். சளி பிடித்திருந்தது.
“வரம்பை எதற்காக உயர்த்த விரும்புகிறீர்கள்?
மருத்துவம், கல்வி, பயணம், திருமணம், இதர.”

என்னவென்று சொல்ல?
நாலு வீதி தள்ளி ஒரு வீடு.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் பூட்டு.
கோலாலம்பூரிலிருந்து சாத்தப்பன் வாட்ஸப்பில் பேசினார்:
“தையில கல்யாணம். வீடு முழுக்க அடிச்சிருங்க.
வந்ததும் செட்டில் பண்ணிருவோம்.”
வருவது அவரா பணமா என்று நான் கேட்கவில்லை.
மதுரை டீலரோ
பணம் ஏறாமல் சரக்கு ஏற்ற மாட்டார்.
நூற்றுப் பதினெட்டு ஜன்னல்; எண்ணியது சந்தியாகு.
ரங்கூன் வரைக்கும் வட்டிக்கு விட்ட வீடாம்.
இப்போது என் பிளாஸ்டிக் அட்டைமேல்
காலை வைத்துக்கொண்டு நிற்கிறது.

“திருமணம்” என்றேன்.
“வாழ்த்துகள் மேடம். மகனுக்கா, மகளுக்கா?”
“வீட்டுக்கு.”
தட்டச்சுச் சத்தம் நின்றது.
“இதர என்று போட்டுக்கொள்கிறேன்.”

ஆண்டு வருமானம் கேட்டான்.
வராத பாக்கியைச் சேர்க்கலாமா என்றேன்.
கூடாதாம்.
கடந்த மார்ச்சில் மூன்று நாள் தாமதம் என்றான்.
மூன்று நாள்தான்.
என் நோட்டில் மூன்று வருஷம் நிற்பவர்களின்
பெயரை வாசிக்கட்டுமா தம்பி என்று
வாய்வரை வந்தது. முழுங்கினேன்.
அவனுக்கும் அங்கே ஒரு மேலாளர் இருப்பார்.

மறுபடி புல்லாங்குழல்.

“பதினோராயிரம் கூட்டலாம் மேடம்.
ஆறு மாதம் கழித்து மீண்டும் முயற்சி செய்யுங்கள்.”
ஆறு மாதத்தில்
கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும்.
சரி என்றேன். நன்றி என்றும் சொன்னேன், ஏனோ.

ஷட்டருக்கு அடியில்
சுண்ணாம்பு காய்ந்த இரண்டு பாதங்கள்.
ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறான்.
குனிந்து உள்ளே வந்து, கேட்காமலே கணக்குச் சொன்னான்:
“எம்பத்தாறுக்கு முகப்பு வரும், வளவு வரும்.
ரெண்டாங்கட்டுக்குத் தண்ணி கலந்து ஒரு கோட்டிங்.
அதுக்குப் பின்னால
எந்த போட்டோக்காரன் போகப் போறான்?”

பிறகு தலையைச் சொறிந்தான். “அட்வான்ஸு.”
“எதுக்கு?”
“இதர.”
கல்லாவிலிருந்து இரண்டாயிரம் எடுத்துக் கொடுத்தேன்.

சாயந்திரம் குறுஞ்செய்தி வந்தது, பட்டாசுப் படத்தோடு.
கீழே சின்ன எழுத்தில் கெடு தேதி:
பதினெட்டு.
கல்யாணம் இருபதாம் தேதி.

நடுவில் கிடக்கும் அந்த இரண்டு நாளுக்கு
எந்த எண்ணை அழுத்துவது?