ஏணியில் நின்று, சின்னப்பரோடு

மூன்ஸ்டரில் வியாழக்கிழமைகளில்
ஏணி பிடிக்க வேண்டிய ஹோர்ஸ்ட்டுக்கு முதுகு நோ.
நானே சாத்தி நானே ஏறுகிறேன்.
உமது வழுக்கையில் தொடங்கும் என் வேலை.
ஆட்டுமயிர்த் தூரிகை மட்டும். தண்ணீர் கூடாதென்று
ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

சின்னப்பரே,
நீர் என்றுதான் கூப்பிடுகிறேன் உம்மை.
செபத்தில் அது மரியாதை.
யாழ்ப்பாணத்தில், பக்கத்து வாங்கில் இருந்தவனுக்கும்
அதே சொல்தான்.
எது வசதியோ எடுத்துக்கொள்ளும்.

உமது கையில் வாள்.
சுற்றுலா வரும் பிள்ளைகள் உம்மைப் படைவீரன் என்கிறார்கள்.
கழுத்தை வெட்டிய வாளையே கையில் கொடுத்து
நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று
யார் போய்ச் சொல்வது?
ஆனால் பிள்ளைகளையும் குறைசொல்ல மாட்டேன்.
கல்லெறிந்தவர்களின் மேலாடைகளுக்கு
நீர் காவல் நின்ற நாளொன்று உண்டு.

உம்மேல் வழக்குகள் பழையவை.
உயிரோடிருந்தவரை ஒருநாளும் காணாதவன்
அவர் பெயரில் எப்படிப் பேசலாம் என்றார்கள் முதலில்,
அவரோடு மீன் சுட்டுத் தின்றவர்களின் ஆட்கள்.
கலிலேயாவின் வெறும்பேச்சை
முடிச்சு முடிச்சாய்ச் சட்டமாக்கிவிட்டான்
இந்தக் கூடாரம் தைப்பவன் என்றார்கள் பிறகு.
ஓடிவந்த அடிமையை ஒரு கடிதத்தோடு
எசமானிடமே திருப்பி அனுப்பினீரே, அதையும்
இன்றுவரை கேட்கிறார்கள்.
எவ்வளவு பணிவான கடிதம்!
ஒனேசிமுவுக்கு எங்கே போக விருப்பமென்று
ஒரு வரி இல்லை.

பணிவான கடிதங்கள் எனக்கும் வந்திருக்கின்றன,
வெளிநாட்டவர் கந்தோரிலிருந்து,
மதிப்புக்குரிய அம்மணி என்று தொடங்கி.

அதிகாரத்துக்கு அடங்கு, அது மேலேயிருந்து வருவது என்றீர்.
இந்த நாட்டில் அதை உரத்து வாசித்த காலம் ஒன்று இருந்தது.
என் ஊரில் யாரும் வாசித்துக் காட்டவில்லை.
சோதனைச்சாவடி வரிசையில்
எல்லோரும் மனப்பாடமாய் நின்றோம்.

போன ஓகஸ்டில், தமிழ்ப் பூசையில்,
மனைவியருக்கான உமது வாசகம் என் முறைக்கு விழுந்தது.
சபையில் பெண் வாய்திறக்கலாகாது என்றவரின் கடிதத்தை
ஒலிவாங்கியில் வாசிக்க
பெண்ணைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.
முன்வரிசையில் என் மனுசன் மரியதாஸ்
தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.
புருசருக்கான பகுதி வந்தபோது
கைப்பேசியைப் பார்த்தார்.

இறையியல் படிக்கிற ரோஸ்வித்தா
கோப்பி ஊற்றியபடி சொன்னாள்:
அது நீர் எழுதியதே இல்லையாம்.
நீர் போன பிறகு யாரோ
உமது பெயரை வைத்து எழுதியதாம்.
வாய்திறக்காதே என்ற வரியும்
இடையில் செருகியதாய் இருக்கலாமாம்.

அன்று இந்த ஏணியில் கனநேரம் நின்றேன்.
அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர்
என் வாயில் ஒரு வாக்கியம் வைத்தார்.
பயந்து ஓடினேன் என்றேன்.
விரும்பி வந்தேன் என்று பதிந்தார்கள்.
ஏழாம் பக்கம். கீழே என் கையெழுத்து,
எமரென்சியா, வளைவுகள் எல்லாம் சரியாக.
நான் சொல்லாத அந்த வாக்கியத்துக்கு
நாலு வருசம் பதில் சொன்னேன்.
உமக்கு இரண்டாயிரம் ஆகப்போகிறது.

அதற்காக விடுதலை என்று நினைக்க வேண்டாம்.
அடிமையின் கடிதம் உம்முடையதேதான்,
கேட்டுவிட்டேன்.
அன்பைப் பற்றிய அந்தப் பக்கமும்
உம்முடையதேதானாம்.
ஒரே ஆள், ஒரே மை.
அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே சைக்கிள்களின் மணி. ஹோர்ஸ்ட் கீழேயிருந்து
முடிந்ததா என்கிறான்.
வாளில் தூசு கொஞ்சம்தான், அதற்குக் கூரில்லை.
உதட்டின் இடுக்கில்தான் படிந்து கிடக்கிறது.
தூரிகை நுனியால் எடுக்கிறேன்.
அசையாதேயும்.
கொஞ்ச நேரம்
பேசாதிரும்.