கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து

தன்யூப் கரையில், பல்கேரியப் பக்கம்,
எங்கள் நகராட்சியில் தட்டச்சுக்காரி நான்.
அந்தக் காலத்தில் தேர்தல் முடிவை
முந்தின நாள் சாயங்காலமே அடித்துவிடுவேன்.
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.
ஒருமுறை தூக்கம் வராமல்
மிச்சத்தைக் கணக்குப் போட்டேன்:
ஆறு பேர்.
எதிர்த்து ஓட்டுப் போட
எங்கள் ஊரில் ஆறு பேர் கிடையாது.
அந்த ஆறு பேரையும்
நான்தான் விரலால் பெற்றுப்போட்டேன்.

பிறகு ஒரு நவம்பரில்
வானொலிக்குக் குரல் மாறியது.

முதல் தேர்தல் கல்யாணம் மாதிரி நடந்தது.
பித்தளை வாத்தியம், நீலக் கொடி,
மாட்டு வைத்தியர் மெதோதியைத்
தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.
தூக்கியவரை எப்படி இறக்குவதென்று
யாரும் யோசிக்கவில்லை.

இது இரண்டாவது.
அக்டோபர், ஊரெல்லாம் குடைமிளகாய் சுடும் வாசம்.
தக்காளி டப்பா ஆலை மூடி ஒரு வருடம்.
பள்ளிக்கூடத்தில், குழந்தைகளின் நாற்காலியில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து எண்ணுகிறோம்.
ஒரு சீட்டில் எண்ணெய்க் கறை.
செல்லுமா செல்லாதா, நாற்பது நிமிடம்.
ஸ்தாமென் போய்ச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்தான்;
அதில் எண்ணெயைப் பற்றி ஒன்றும் இல்லை.
ஒரு உறைக்குள் சீட்டே இல்லை,
மடித்த காகிதம்:
'மேலத் தெரு பம்பு மூன்று வருடமாக ஓடவில்லை.'
செல்லாது என்று பதிந்துவிட்டு
காகிதத்தை என் கைப்பைக்குள் வைத்தேன்,
குற்றமோ என்னவோ.

விடியற்காலை மூன்று மணி.
பதினோரு வாக்கில் மெதோதி தோற்றார்.
ஜெயித்தவர் ரங்கெல்.
அந்தத் தொண்ணூற்றொன்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி
என்னிடம் தருவாரே, அதே ரங்கெல்.
'புள்ளியை மறந்துவிடாதே' என்பார்.

தாழ்வாரத்தில் மெதோதியைச் சூழ்ந்துகொண்டார்கள்.
'சாவியைக் கொடுக்காதே.
அவர்கள் நமக்குக் கொடுத்தார்களா?'
பொய் சொல்வானேன், எனக்கும் அதேதான் தோன்றியது.
முத்திரை என்னிடம்தான் இருந்தது.
அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்
மறுபடி அடித்துக் கொடுத்திருப்பேன்.
விரலுக்கு வழி தெரியும்.

மெதோதி குழாயைத் திறந்து
முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டார்,
கன்று செத்துப் பிறந்த வீட்டில் கழுவுவாரே
அந்த மாதிரி.
பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒப்படைக்கும் நாள் மழை.
ரங்கெல் சாவியைத் திருப்பினார்.
திறக்கவில்லை.
இன்னொரு தடவை. யாரோ சிரித்தார்கள்.
படியிறங்கிப் போய்க்கொண்டிருந்த மெதோதி
நின்றார்.
கொஞ்ச நேரம் நின்றார்.
திரும்பி ஏறி வந்து,
'கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து,
அப்புறம் திருப்பு' என்றார்.

திறந்தது.

அன்று மத்தியானம்
பம்புக் காகிதத்தை ரங்கெலின் மேசையில் வைத்தேன்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.
'யார் எழுதியது?'
பழைய கேள்வி, பழைய குரல்.

தெரியாது என்றேன்.
உண்மையாகவே எனக்குத் தெரியாது.