இருபத்தெட்டு நாள்

இருபத்தெட்டு நாள் கடலில்,
இருபத்தெட்டு நாள் கரையில்.
செலஸ்டினின் கம்பெனி எங்கள் கல்யாணத்தை
இப்படித்தான் பங்கு பிரித்திருக்கிறது.

ரிக்குக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி
அவன் பையின் ஜிப் பாதியில் வாய் பிளந்து நின்றது.
மெழுகு தேய்த்தான், குறடு போட்டு இழுத்தான்,
கடைசியில் கார்கோ கயிற்றால் சுற்றிக் கட்டினான்.
நான் அந்தப் பக்கம் திரும்பாமல்
கொதிக்காத ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம், பத்தொன்பதாம் வாரத்து ஸ்கேன்.
டாக்டர் ஹனான் ஆங்கிலத்தில் தொடங்கி
வார்த்தை கிடைக்காமல்
தன் கைப்பையின் ஜிப்பை இழுத்துக் காட்டினார்.
பாதிவரை.
அங்கேயே நிறுத்தினார்.

பிறகு நடந்ததற்கு
இன்சூரன்ஸ் படிவத்தில் ஓர் எண் இருக்கிறது.
அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

முசாஃபாவில் டயர் கம்பெனிக்குக் கணக்கெழுதுபவள் நான்.
ஒரு திர்ஹாம் உதைத்தாலும் தூக்கம் வராது.
என்ன தின்றேன், எதைத் தூக்கினேன்,
எந்த வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன்,
எல்லாவற்றையும் பற்றில் எழுதிக்கொண்டு போனேன்.
ஹனான் அதைப் படிக்கவே இல்லை.
"நீ செய்ததால் எதுவும் இல்லை" என்றார்.
"செய்ய ஒன்று இருக்கிறது.
அடுத்த முறைக்கு. அதற்கும் முன்பே."

கரு தரித்த இருபத்தெட்டு நாளுக்குள்
முதுகு மூடிவிட வேண்டுமாம்.
நாள் தள்ளிப்போனதை
அலைச்சல் என்று நான் நினைத்திருக்கும் நேரம்.
செய்தி வருவதற்குள்
வேலை முடிந்திருக்கும்.

ஃபோலிக் ஆசிட். மஞ்சள்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
கீரையில் இருக்கும் அதே சங்கதிதான்,
ஆனால் விமானத்தில் வாடி வந்து சேரும் முருங்கைக்கீரையை
நம்பி உட்கார முடியாது.
ஐந்து மில்லிகிராம், ஒருமுறை இழந்தவளுக்கான அளவு.
இப்போதிருந்தே தினமும்,
தரித்த பிறகும் மூன்று மாதம் விடாமல்.
"அப்படியானால் உறுதியா?"
"உறுதி இல்லை. ஆபத்து குறையும். நிறையக் குறையும்."
கடலுக்கடியில் எண்ணெய் தேடுகிறவன் பெண்டாட்டிக்கு
அந்த வித்தியாசம் புரியும்.

இரவு ஒன்பதுக்கு அலாரம்.
ஷமால் காற்றில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை.
இருபத்தெட்டு முப்பதானது, முப்பத்திரண்டானது.
வந்து சேராதவன் ஒருவன்,
வரப்போவதாக யாரும் சொல்லாத இன்னொரு ஆள்.
இருவருக்கும் சேர்த்து
ஒரு மடக்குத் தண்ணீர்.

பங்குச் சமையலறையில் பர்கத் நிஷா பட்டையைப் பார்த்துவிட்டாள்.
"விசேஷமா?"
"இல்லை."
"அப்புறம் எதுக்கு?"
"விசேஷத்துக்கு முன்னாடி போடுறது."
"ஓ, வாடகைக்குக் கொடுக்கிற பின்தேதி செக் மாதிரியா!"
சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, சத்தமாக.
அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.
"நாங்க இன்னும் யோசிக்கிறோம்" என்றாள் உப்பைத் தேடியபடி.
"யோசிக்கும்போதே ஆரம்பிச்சுடு.
உனக்கு இவ்வளவு வேண்டாம், நானூறு மைக்ரோ போதும்,
எதுக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."
கரண்ட் பில் உறையின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.
ஃபிரிட்ஜில், தொழுகை நேர அட்டைக்குப் பக்கத்தில்
காந்தம் வைத்து ஒட்டினாள்.

முப்பத்துநாலாம் நாள் வந்தான்.
பையில் கயிறு அப்படியே.
சட்டைப்பையிலிருந்து கசங்கிய காகிதம்:
இரவு ஒன்பதுக்கு ஒரு கோடு,
டிரில் சத்தத்துக்கு நடுவில்
அங்கிருந்து அவனும் எண்ணியிருக்கிறான்.
பட்டைகளைத் தரையில் பரப்பினோம்.
என் பள்ளம் முப்பத்துநாலு, அவன் கோடு முப்பத்துநாலு.
கணக்கு நேர்.

செருப்பைத் தேடி சோபாவுக்கு அடியில் கைவிட்டவன்
எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்தான்.
உள்ளங்கையில், தூசியோடு,
மஞ்சளாக ஒன்று.

"ஒரு நாள் போனால் பரவாயில்லையா?"
எனக்குத் தெரியாது.
நாளைக்கு ஹனானைக் கேட்க வேண்டும்.

அலாரம் அடித்தது.
அவன் தண்ணீர் கொண்டுவரப் போனான்.