அரை அங்குலம்

குரோம் பூச்சின்மேல் ஏழு வருஷத்துப் புழுதி.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
பதினாறு,
ஒரு புள்ளி,
ஐந்து.

டயரில் வெறும் பதினாறு.

"ரெண்டும் பதினாறுதானே" என்றான் கோல்பி ஹாரல்சன்.
எண்ணெய்க் கிணற்றில் இரண்டு வாரம் இரவு வேலை செய்த கூலி
ஏலத்தில் நான்கு சக்கரங்களாகி நிற்கிறது,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு காளைத் தலை.
டயர்கள் மாமன் கொடுத்தவையாம். புதியவை.
புதியவை என்பதை மூன்று முறை சொன்னான்.

சேராது என்றேன்.
சேர்ந்துவிட்டதே என்று காட்டினான்.
உண்மைதான். கையால் அழுத்தினாலே ஏறிவிடும்,
அதுதான் அதன் சூது.
முட்டிக்கொண்டு வெளியே நின்றால்
முட்டாளுக்கும் தெரிந்துவிடும்.
இதுவோ முக்காலே மூன்று வீசம் பொருந்தும்.
காற்றடித்தால் ஒரு பக்கம் மடிப்பில் போய் உட்காரும்,
மறுபக்கம் ஒரு விரற்கடை தள்ளி
வருவேன் வருவேன் என்று நிற்கும்.
இன்னும் கொஞ்சம் அடி என்று
கை தானாகச் சொல்லும்.
முள் நாற்பதைத் தாண்டும்.
ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் எஃகு வளையம்
தன்னால் ஏற முடியாத மேட்டில்
ஒவ்வொரு கம்பியாக அறும்.
வெளியே ஒன்றும் கேட்காது.
கடைசிக் கம்பி மட்டும் கேட்கும்.

நிமிர்ந்து பார் என்றேன்.
கூரைத் தகட்டில் ஒரு குழிவு,
சுற்றிலும் சிவப்புப் பெயின்டில் வட்டம்,
உள்ளே ஒரு தேதி: 91, ஆகஸ்ட் 6.
டெல்மர் கிஷ் அன்று சக்கரத்தின்மேல் குனிந்திருந்தார்.
இன்றும் வெள்ளிக்கிழமைகளில் வருவார்,
காப்பிக் கோப்பையை இடது கையால் எடுப்பார்.
வலது கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை,
சட்டைக் கை மடித்துக் குத்தியிருக்கும்.

கோல்பி கூரையைப் பார்த்தான்.
பிறகு காளையைப் பார்த்தான்.
காளைதான் ஜெயித்தது.
"ப்ராதர் கடையில் செய்வார்கள், பாதி விலைக்கு."
நான்கையும் ட்ரக்கின் பின்னால் தூக்கிப் போட்டான்,
ஒவ்வொன்றும் விழுந்தபோது
எனக்குப் பல் கூசியது.

மார்ச் மாதக் காற்று.
ஹாப்ஸ் ஊரின் மண் முழுக்க
டெக்ஸஸ் பக்கம் குடிபோய்க்கொண்டிருந்தது.
சாலைக்கு அப்பால் எண்ணெய் இறைக்கும் இரும்புக் கழுத்துகள்
ஆமாம் ஆமாம் என்று
எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தன.

என் பொறுப்பு முடிந்தது.
அடுத்த வண்டிக்குப் பஞ்சர் பார்த்தேன்.
ஆணியைப் பிடுங்கினேன்.
ஆணி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

ப்ராதர் கடை நாலு மைல்.
லானி ப்ராதரோடு நான் பேசி ஆறு வருஷம்:
என் பங்குதாரனாக இருந்தவன்,
பாதிக் கருவிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை
சொல்லாமல் போனவன்.
அவன் கடை எண் என் போனில் இல்லை.
விரலில் இருந்தது.

மணி அடித்தது. அடித்தது.
எடுத்தான். பின்னணியில் கம்ப்ரஸர் உறுமியது.

"லானி, யூலா பேசுறேன்.
சிவப்பு ஃபோர்டு. காளைத் தலை.
எவ்வளவு அடிச்சிருக்க?"

"முப்பத்தஞ்சு" என்றான்.
"ஒரு பக்கம் ஏறிடுச்சு. மத்தது
இதோ வந்துடும் போல இருக்கு."

"கிட்ட நிக்கிறியா?"

பதில் இல்லை.

"ஹோஸ நிறுத்து. தள்ளி நின்னு காத்த விடு.
அப்புறம் ரிம்முல நகத்த வச்சுப் படி."

டெல்மரின் கையை
அன்று துண்டு போட்டுச் சுற்றியவர்கள்
நாங்கள் இரண்டு பேர்தான்.
அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்ப்ரஸர் நின்றது.
பிறகு போனுக்குள்
நீளமாக ஒரு சீறல்,
மெலிந்து, மெலிந்து,
முழுதாய் அடங்கும்வரை
காதை எடுக்காமல் நின்றேன்.

"பதினாறரை" என்றான் லானி.
நன்றி என்று சொல்லவில்லை.

"என் டார்க் ரெஞ்ச்
இன்னும் உன்கிட்டதான் இருக்கு"
என்று வைத்தேன்.