சாவி அணைத்த இறக்கம்

மாறாமலையிலிருந்து கீரிப்பாறைக்கு இறக்கம்.
பெட்டியில் மீன் தீர்ந்துவிட்டது.
ஐஸ் கரைந்த தண்ணீர் மட்டும்
ஒவ்வொரு வளைவிலும்
எனக்கு முன்னால் சாய்கிறது.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.
உச்சியில் சாவியை அணைத்து
நியூட்ரலில் விட்டால்
ரப்பர் ஃபாக்டரி வாசல்வரை ஓசியில் வரலாம்.
நாளைக்குப் பதினொரு ரூபாய்.
ஞாயிறு போக மாதம் இருநூற்றெண்பத்தாறு.
பெல்சிட்டாவிடம் சொன்னேன்.
அவள் அதை நெத்தோலிக்கூறு விலையால் வகுத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.

தடிக்காரன்கோணத்தில்
பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு
ஷாஜின்தான் சொன்னான்:
"அண்ணே, இது பிரேக் ஷூவா, பப்படமா?
எந்த கியர்ல ஏறினீரோ அதே கியர்ல இறங்கும்.
எஞ்சின் புடிச்சுக்கிடும்.
பிரேக்கு சும்மா தொட்டுக்கிட."
ஊறுகாய் மாதிரி என்றேன்.
சிரிக்காமல், ஷூ மாற்ற நூற்றெண்பது என்றான்.
அடுத்த வாரம் என்றேன்.

அந்த அடுத்த வாரம்.
லயத்தில் சம்பளம் போடவில்லையாம்,
ஒன்றரைக் கிலோ அயிலையை
மூன்றாவது தடவையாகக்
கணக்கில் எழுதச் சொன்னார் கோலப்பன்.
எழுதினேன். பேனா தாளைக் கிழித்தது.
சாவியை அணைத்தேன்.

தை மாதத்துக்கு ஒட்டாத ஒரு தூறல் பெய்து விட்டிருந்தது.
ரோடு முழுக்க ரப்பர் இலை,
சிவப்பாக, ஈரமாக, ஒட்டிக்கொண்டு.
மூன்றாம் வளைவில் கிராம்பு காயும் வாசம்.
ஐந்தாம் வளைவில் வேறொரு வாசம்.
அது என்னுடையது:
பிரேக் கருகுகிறது.
பெடல் மிதிபட்டது, வண்டிக்குத்தான் கேட்கவில்லை.
முன் பிரேக்கைப் பிடிக்க
அந்த இலைகள்மேல் தைரியம் வரவில்லை.

ஏழாம் வளைவில்
யானை.
பிடி. பக்கத்தில் குட்டி.
எனக்கு முதுகு காட்டி ஈற்றை ஒடித்துக்கொண்டிருந்தது.
சத்தமில்லாமல் வந்தவனை அதற்குத் தெரியாது.
சாவியைத் திருப்பினால் தெரிந்துவிடும்;
சைலன்ஸரில் பொத்தல்.

கிளட்சைப் பிடித்தேன்.
முன்பெடலில் மூன்று அமுக்கு: மூன்றாம் கியர்.
விரலை விட்டேன்,
பேரத்தில் விலையை இறக்குவதுபோல்
ஐந்து ஐந்தாக.
சட்டென்று விட்டால் சக்கரம் பூட்டும்,
முறுக்கிச் சமாளிக்க உள்ளே தீ இல்லை.

வெடிக்காத எஞ்சின்
காற்றை மட்டும் அமுக்கி, விட்டு, அமுக்கி
புஸ்… புஸ்… என்று
என்னைப் பின்னால் இழுத்தது.
குதிகாலால் ஒன்று: இரண்டாம் கியர்.
பின்சக்கரம் இலையில் ஒரு முழம் வழுக்கி
யோசித்து
பிடித்தது.
பெட்டித் தண்ணீர் முழுக்க முன்னால் வந்து
என் முதுகில் மோதியது.
இன்னொரு குதிகால்.

நின்றேன்.
எனக்கும் அதற்கும் நடுவில்
ஒரு கட்டுமரம் கிடத்தலாம், அவ்வளவுதான்.
கியரில் கிடந்ததால்
சரிவு இழுத்தும் வண்டி நகரவில்லை.

பெட்டி ஓட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
அது திரும்பிற்று. தும்பிக்கையை என் பக்கம் நீட்டி
மோந்தது:
அயிலை, கருகின ரப்பர், வியர்வை.
பிடிக்கவில்லை போல.
குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு
ஒரு அவசரமும் இல்லாமல்
கிராம்பு மரங்களுக்குள் இறங்கிப் போயிற்று.

இருபது நிமிஷம் கழித்துச் சாவி போட்டேன்.
இரண்டாம் கியர்.
மிச்ச வளைவெல்லாம்
எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது,
நான் ஒருதடவைகூடக் காலை அமுக்கவில்லை.

ஷாஜின் டிரம்மைத் தொட்டு, கையை உதறி,
என் முகத்தைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்தான்.
சட்டைப்பையில் ஈரநோட்டு, எண்ணினால் நூற்றெழுபது.
மீதியைக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.