நடிப்போருக்கு மட்டும்

சீசனுக்கு இன்னும் ஒன்பது நாள்.
பனி விலகாத வாவிக்கரைப் பாதையில்
மஞ்சள் பெயின்ட் வாளியோடு குனிந்திருக்கிறேன்.
கயிற்றின் ஒரு முனை கிங்ஸ்லி கையில்,
மறுமுனை கருங்கல்லில்.
எங்களுக்கு நாட்கூலி. கல்லுக்கு அதுவும் இல்லை.

பாதையின் அகலம் பதினேழு அடி.
வாகனத்துக்கு ஒன்பது,
சைக்கிளுக்கு ஐந்து,
நடக்கிறவர்களுக்கு மிச்சம்
என்று சபையில் தீர்மானம்.
மிச்சம் எத்தனை என்று அதில் எழுதவில்லை.
கிங்ஸ்லி விரல் மடக்கி மூன்று என்றான்.
அந்த மூன்றிலும் ஒன்றரையை
சைப்ரஸ் வேர் எப்போதோ தின்றுவிட்டது.

அந்தக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது நான்தான்.
வேன்காரர் சங்கத்தில் நான்கு பேர்.
"வண்டி உள்ளே வராட்டி
கொழும்பு ஆள் இந்தக் குளிருல இறங்குவானா?"
மேசையில் குத்தினார் தலைவர் விமலதாச,
ஒரு கோப்பை சாய்ந்தது.
வாடகை சைக்கிள் நிஸ்தார்
தன் நூற்றுப்பத்து சைக்கிளின் கணக்கை விரித்தார்.
போன வருஷம் முறிந்த மூன்று மணிக்கட்டுகளின் கணக்கு
அவர் பைக்குள்ளேயே இருந்தது.
நடக்கிறவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.
யாரும் வரவில்லை.
நடப்பதற்கு யார் சங்கம் வைப்பார்கள்?
நான் தினம் மூன்று கட்டை நடந்து வருகிறவள்.
சிந்திய தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டிருந்ததில்
அந்த நாற்காலி எனக்கானது என்று
அன்றைக்குத் தோன்றவே இல்லை.

பலகை நேற்று வந்து சேர்ந்தது.
சிங்களம் சரி, இங்கிலீஷ் சரி.
தமிழில் டகரத்தின் தலையில்
யாரோ ஒரு விலங்கை மாட்டிவிட்டார்கள்:
நடிப்போருக்கு மட்டும்.
கிங்ஸ்லி சிரித்த சிரிப்பில் கயிறு நழுவி
கோடு அந்த இடத்தில் வயிறு தள்ளி நிற்கிறது.
கந்தோரில் சொன்னேன்.
அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

ஆறரைக்கு ஹோட்டல் வேலைக்குப் போகிற பெண்கள்
ஒருவர் பின் ஒருவராக
ஒன்றரை அடிக்குள் நடந்து போனார்கள்.
ஒருத்தி கேட்டாள்,
"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்க போறது அக்கா?"
அந்தப் பக்கம் ஒன்பது அடி வாகனம்.
அதற்கப்பால் தண்ணீர், வாத்து, பெஞ்சி.
கடக்கும் இடம் வரைபடத்தில் இல்லை.

வரைபடத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு.
மருதவீரனின் மட்டக்குதிரை ரோசி,
கட்டை அவிழ்த்துக்கொண்டு
ஈரக்கோட்டில் நின்றாள்,
ஏதோ யோசித்தாள், சாணி போட்டாள்,
பிறகு வாத்துகளைப் பார்க்கப் புறப்பட்டாள்.
சைக்கிள் பாதையில் மஞ்சள் குளம்பு,
வாகனப் பாதையில் மஞ்சள் குளம்பு,
புல்வெளி வரைக்கும்.
கழுவ வாளி எடுத்தான் கிங்ஸ்லி.
விடு, காயட்டும் என்றேன்.
ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியாது.

பன்னிரண்டாம் திகதி.
கொழும்பே ஏறி வந்த மாதிரி ஹோர்ன்.
உயரம் போதாத பையன்கள் உயரமான சைக்கிளில்,
பிரேக்கை விட மணியை நம்புகிறவர்கள்.
என் விசிலுக்குள் எச்சில்தான் மிச்சம்.
அந்த நேரம் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை,
மஞ்சள் குளம்புகளைப் பார்த்தாள்,
கடவையென்று நினைத்தாளோ என்னவோ,
கால் வைத்தாள்.
வத்தளை வேன் ஒன்று, மஞ்சளைக் கண்ட பழக்கத்தில்,
நின்றது.
பின்னால் வந்த சைக்கிள்கள் திட்டிக்கொண்டே நின்றன.
பிள்ளை குளம்புகளை எண்ணிக்கொண்டே போனது,
ஒண்ணு, ரெண்டு, அஞ்சு.

அதற்குப் பிறகு நாள் முழுக்க
அங்கேதான் கடந்தார்கள்.

பொறியியலாளர் ஜீப்பிலிருந்து இறங்கினார்.
குளம்புகளை உற்றுப் பார்த்தார்.
"இது யார் போட்டது? யார் அனுமதி?"
தெரியாது சேர் என்றேன்,
கண்ணை அகல விரித்து,
கையிரண்டையும் நன்றாக விரித்து.
அந்தப் பலகைக்கு நேர் கீழேதான்
நின்றுகொண்டிருந்தேன்.