பத்தேகால்

பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு வருடக் கட்டணம்.
வைண்டிங் பில்லின் முதுகில் போட்டுப் பார்க்கிறேன்.
நூற்றைம்பதுக்கு நாலு புள்ளி.
புள்ளி ஒன்று நாற்பது பைசா,
விமானத்தில் போனால். போகாவிட்டால் இருபது.

நான் வருடத்துக்கு ஒருதரம் ராஜ்கோட் போகிறவன்,
பம்ப் உதிரி எடுக்க.
மற்றபடி மாட்டுத்தாவணியில் ஏறினால்
கோயம்புத்தூரில் கண்ணைத் திறப்பதுதான்.
நெல்பேட்டை மீன்காரர் கார்டு வாங்க மாட்டார்.
கறிதோசைக்குச் செல்போனைக் காட்டினால் போதும்.
வெளிவீதிக் கொள்முதலில் தேய்த்தால்
ரெண்டு சதவீதம் நம் தலையில்.

கூட்டிக் கழித்து, எட்டாயிரம் நட்டம்.
செண்பகவல்லி எட்டிப் பார்த்து
"பத்தேகால்" என்றாள்.
வரியை விட்டிருந்தேன்.

சரிதான். ஆனால்
போன ஐப்பசியில், சென்னையில்,
மழைக்கு விமானம் கிளம்பாத ராத்திரி ஒன்றரைக்கு
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
காலை நீட்டிக்கொண்டு ஒருவர்
தயிர்சாதம் சாப்பிட்டார்,
மாதுளை முத்துப் போட்டது.
வாசலில் நின்ற பையன் என் கார்டை
இரண்டுதரம் தேய்த்துப் பார்த்தான்.
"இது இல்ல சார்."
மெதுவாகத்தான் சொன்னான்,
பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி.
அந்த மெதுவை
வரவில் எழுதவா, செலவிலா?

இதைச் செண்பகவல்லியிடம் சொன்னதில்லை.

நாளை பதினொன்றுக்குக் கார்டுக்காரப் பெண் கூப்பிடுவாள்.
எடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பில்லைத் திருப்பிப் பார்க்கிறாள் இவள்.
ஒத்தக்கடை சங்கரபாண்டி,
ஐந்து குதிரைத்திறன் மோட்டார்,
பாக்கி ஆயிரத்து நானூறு.
"இது ஆடியிலேயே வந்திருக்கணுமே?"